முழங்காலில் உடைக்காத தண்டு

ஹெரன் ஃபால்ஸ், மிஷிகன்
டிசம்பர் 3

அன்புள்ள ஆண்டர்ஸுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடல்நலத்தில் குறைவின்றி இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் இரண்டு கைகளும் நன்றாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பனி இவ்வாண்டு முன்னதாகவே தொடங்கிவிட்டது, கொட்டகைக் கூரையின் வடபுறம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது, அதற்குக் கீழிருந்து ஒரு முட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குக் குளிரில் தோள் வலி. நாய்க்குக் காது முற்றிலும் போய்விட்டது, இருந்தும் உன் அறை வாசலை விட்டு நகர மறுக்கிறது. ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில் பேசும்போது மெர்வின் மாமாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பாய் என அம்மா சொன்னாள். முதல் இரண்டு வாரம் கேட்டாயாம், அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாயாம். அம்மா அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தாள், நானும் நவம்பர் இரண்டாம் தேதி வரை எதையும் சந்தேகித்தவன் இல்லை. இப்போது நீ கேட்காத கேள்விக்கான பதிலை எழுதுகிறேன். கட்டைவிரல் இனி மடங்காது. நகரத்து மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை செய்து பார்த்துவிட்டார்கள். குதிரைக் குளம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஆணியைப் பிடித்து லாடம் அடிக்கும் மனிதருக்கு அதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. போன வியாழக்கிழமை அவர் தன் பட்டறைக்கல்லை விற்றுவிட்டார். வாங்கியவனின் வண்டியில் அதை ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன், அவர் ஒற்றைக் கையால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷமா இதுகிட்டதான் நான் அதிகமாப் பேசிருக்கேன், யூனிஸுக்கு இதுமேல பொறாமைகூட உண்டு என்று சொல்லிச் சிரித்தார். அருகில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் நீ வந்திருந்தபோது நிலவறையில் நாம் இருவரும் அவருக்காகச் செய்த பன்னிரண்டு அம்புகளை நினைத்துப் பார். சிடார் தண்டுகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, காதருகே வைத்து நெரியும் ஒலி உண்டா என்று கேட்டு, மர இழையின் ஓட்டத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பிரித்தோம். தண்டுகளில் இரண்டைத் தேறாது என்று தள்ளினேன். ஒன்று கோணல், மற்றொன்றில் இழை நுனிவரை ஓடாமல் நடுத்தண்டிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. இரண்டிலும் பின்புறத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன், நீ அருகில்தான் இருந்தாய். தள்ளிய தண்டை அந்த நொடியிலேயே முழங்காலில் வைத்து உடைத்து விறகு கிடக்கும் அடுப்புப் பெட்டியில் போடுவது என் வழக்கம், காரணம் நீ அறிந்ததுதான், முழுதாகக் கிடக்கும் தண்டு என்றாவது ஒருநாள் யாரோ ஒருவரின் கண்ணுக்கு நல்ல தண்டாகத் தெரிந்துவிடும். அன்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது, உடைக்காமல் இரண்டையும் முழுதாகப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே போனேன், பிறகு மறந்தேன். இது என் தவறு. உன் தவற்றை எழுதுவதற்கு முன் என்னுடையதை எழுதிவிடுவதுதான் முறை.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலையில் ஓடைக்கு மேலே உள்ள ஓக் சரிவில் கலைமான் ஒன்று பதினைந்து அடிகளுக்குள் வந்து நின்றது. மெர்வின் நாணை விட்டார், வில்லை விட்டு நீங்கும் முன்பே தண்டு பிளந்து முன்பாதி அவருடைய இடக்கையில் கட்டைவிரலின் அடிச்சதை வழியாக மறுபுறம் வந்துவிட்டது. தொப்பியை அதன் மேல் அழுத்திக்கொண்டு சாலை வரை இரண்டு மைல் நடந்திருக்கிறார். நான் மருத்துவமனைக்குப் போனபோது, வாத்தியாரே, மானக் குறிவெச்சேன், மாட்டினது என் கட்டைவிரல்தான், அதையும் சமைக்கக் கொடுக்க மாட்டேங்கறாங்க என்றார். உதடு வெளுத்திருந்தது. நான் அம்பின் மேல் கண்ணை ஓட்டியது போதாது என்று நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், நீ தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. அவர் என்னைப் பாதியிலேயே நிறுத்தி, மரம்னா உடையும், உடையாம இருக்க அது என்ன இரும்பா, போய் ஒரு காபி கொண்டாங்க என்றார்.

ஊர் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் கிளிஃபர்டு எல்லோர் முன்னிலையிலும், என்ன வாத்தியாரே, கண்ணாடிய மாத்துற நேரம் வந்துருச்சா, இல்ல மண்டைய மாத்துற நேரமா என்று கேட்டான். நான் வாங்க வந்த ஆணியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் அம்பு செய்வித்துக்கொண்ட ஐந்து பேர் தங்கள் அம்புகளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான்கு பேர் நேரில் வந்து தோள்வலி என்றும் வேட்டையை விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள், ஐந்தாமவர் அம்புகளைக் கட்டி எங்கள் தபால் பெட்டியின் அடியில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

நவம்பர் இரண்டாம் தேதி யூனிஸ் ஒரு ரொட்டிப் பையில் அம்பின் பின்பாதியைக் கொண்டுவந்தாள். அவரு தூக்கிப் போடச் சொன்னாரு, நீங்க பாத்தா என்ன ஆச்சுன்னு தெரியுமேன்னு எடுத்து வெச்சேன், தூக்கமே வரமாட்டேங்குது என்றாள். அவள் போன பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நாண் பொருந்தும் வெட்டு இழைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இதில் இழையோடு இழையாக இருந்தது. இழைமுனைகள் வில்லைப் பிடித்த கையை நோக்கியிருந்தன, அதாவது பிளந்தால் நேரே அந்தக் கைக்குள்ளேயே போகும்படி. இதை நான் செய்திருக்க முடியாது. மெர்வினின் அடையாளமான இரண்டு பச்சை வளையங்களும் ஒரு கறுப்பு வளையமும் சற்றுத் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தன. கத்தியால் முதல் பச்சை வளையத்தைச் சுரண்டினேன். அடியில் என் பெருக்கல் குறி இருந்தது. மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் நாம் எய்து பழகும் வைக்கோல் பொதியைத் தாண்டி, கல்சுவரின் ஓரத்தில் சருகுகளைக் கிளறிப் பார்த்தேன். நான் செய்த நல்ல அம்பு, பச்சை பச்சை கறுப்பு, முனை மழுங்கி, நடுவில் முறிந்து, மூன்று கற்களுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. காற்று கற்களை அடுக்கி வைப்பதில்லை, ஆண்டர்ஸ்.

நடந்ததை நான் ஊகித்து எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்து. இங்கிருந்து நீ புறப்படும் முன் கடைசி மாலையில், நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தபோது, மெர்வினின் அம்புகளில் ஒன்றை விளையாட்டாக எய்தாய், பொதியைத் தவறி அது சுவரில் பட்டது. சொல்ல வெட்கப்பட்டு அடுப்புப் பெட்டியிலிருந்து ஒரு தண்டை எடுத்தாய், இறகு ஒட்டினாய், என் குறியின் மேல் அவருடைய வளையத்தைப் பூசினாய், மீண்டும் பன்னிரண்டாக்கி வைத்தாய். அப்பா, ஒன்னு உடஞ்சுபோச்சு என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் சற்றே எரிச்சலடைந்திருப்பேன், அவ்வளவுதான். பதினோரு அம்போடு காட்டுக்குப் போகிறவனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. நீ பாலங்களைச் சோதித்து அவை தாங்கும் என்று கையெழுத்திடும் வேலையில் இருக்கிறாய். நான் தள்ளிய தண்டின் மேல் இன்னொருவரின் அடையாளத்தைப் பூசிய அதே கை அது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. தண்டை எடுத்ததையாவது அவசரம் என்று என்னால் கொள்ள முடிகிறது. ஆறு வாரங்கள் மௌனமாக இருந்ததற்கும், உன் அப்பாவின் கண் மங்கிவிட்டது என்று ஊர் பேசுவதை அம்மா வாயால் கேட்டும் தொலைபேசியை வைத்ததற்கும் எந்தப் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். முறிந்த இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முறிவுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருபத்தேழு வயசு ஆகுது, இவனுக்கு நான் பாலா குடுத்தேன் என்றாள். அப்புறம், போன்ல திட்டிராதீங்க, அவன் குரல் கம்முனா நான் தாங்கமாட்டேன் என்றாள். ஆகவே எழுதுகிறேன். போன ஞாயிறன்று மெர்வின் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். நாணை இழுக்கக் கட்டைவிரல் தேவையில்லையாம், கையை மாற்றிப் பழகப் போகிறாராம். வில்ல வலது கையில பிடிச்சுக்குவேன் வாத்தியாரே, அடுத்த வருஷத்துக்கும் எனக்கு நீங்கதான் ஒரு டஜன் செய்யணும், ஊர்ல எவன் என்ன சொன்னா எனக்கென்ன என்றார். வாய்திறந்து சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. சரி என்றேன், புதுத் தண்டுகள் கேட்டு எழுதிப் போட்டுவிட்டேன், அதுவரை ஊர் சொல்வது என் தலையிலேயே இருக்கட்டும். இதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதே, தற்போது என்னிடம் அது எந்த அளவில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஓர் அட்டைக் குழாய் இருக்கும். உள்ளே பின்பாதி இருக்கிறது, சுரண்டிய வளையத்தோடும் பென்சில் குறியோடும். கற்களுக்கு அடியில் கிடைத்ததை நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். ஆக, நீ செய்ததற்கு இந்த ஊரில் இனி எந்தச் சான்றும் இல்லை, இருப்பது ஒன்றுதான், அது உன் கையில். என்ன செய்வாய் என்று நான் கேட்கப் போவதில்லை, மெர்வின் என்னைப் பார்க்கும் பார்வையிலிருந்து அறிந்துகொள்வேன்.

அம்மா பின்னிய கம்பளிச் சட்டையைத் தனியாக அனுப்பியிருக்கிறாள், வெந்நீரில் துவைக்காதே. சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன்னிடமிருந்து மற்றவர்களையும். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வை: விமான நிலையத்திலிருந்து வரும் சாலையில் மெர்வினின் வீடு நம் வீட்டுக்கு முன்னால் வருகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆல்டன் லிண்ட்