ஞாயிற்றுக்கிழமை ரூட்

14 ஜூன் 2009, ஞாயிறு

சைக்கிள் வந்துவிட்டது. புதுச்சேரியில் வாங்கி, பஸ் மேல் கட்டி எடுத்து வந்திருக்கிறார். இருபத்தொரு கியராம். ஒரு மனுஷனுக்கு இத்தனை கியர் எதற்கு என்று கேட்டேன். "ஏத்தத்துல தெரியும்" என்றார். செம்மண்டலத்தில் ஏற்றம் ஏது? எங்கள் வாசல் சரிவு ஒன்றுதான்.

சர்க்கரைக்கு நடக்கத்தான் சொன்னார் டாக்டர். ஆபீசில் கூட வேலை செய்யும் லூர்துசாமி சார்தான் சைக்கிள் ஆசையைக் கிளப்பிவிட்டது. ஞாயிறுதோறும் ஒரு கூட்டமாகக் கிளம்புகிறார்களாம். இறுக்கிப் பிடித்த கால்சட்டை, மஞ்சள் பனியன், தலையில் ஹெல்மெட். வெண்மதி சிரித்து ஓயவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரிக்காதே என்று அவளை அதட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் நானும் சிரித்தேன்.

9 ஆகஸ்ட் 2009, ஞாயிறு

மலைப்பக்கம் போய் வந்தார். மலை என்றால் பெரிய மலை இல்லை. திருவந்திபுரம் தாண்டினால் செம்மண் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும், அதைத்தான் எங்கள் பக்கத்தில் மலை என்போம். வந்தவர் வாய் மூடவில்லை. "ரெண்டு பக்கமும் முந்திரித்தோப்பு, நடுவுல ரோடு அலை மாதிரி ஏறி ஏறி எறங்குது. கடலூர்ல இப்படி ஒரு ரூட் இருக்கறது யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். நடுவீரப்பட்டு பள்ளிக்கூடத்துக்கு அந்த ஏற்றத்தில் புத்தகமூட்டையோடு மிதித்தவள் நான். கியர் இல்லாமல்.

மேசையில் மேப்பை விரித்து, பென்சிலால் ரூட் போட்டுக் காட்டினார். பாலூர் வரை நேராக வந்த கோடு, என் ஊருக்கு முன்னால் சட்டென்று வளைந்து, சுற்றிக்கொண்டு போயிற்று. பல்லி விழுந்த சோற்றை ஒதுக்குகிற மாதிரி என் ஊரை மட்டும் ஒதுக்கியிருந்தார்.

காரணம் பெரிய காரணம்! தை மாதம் தம்பி கலியமூர்த்தி புது வீட்டுக்குக் குடி போனான். மாப்பிள்ளையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். முந்திரிக்கு மருந்தடிக்கிற சமயம். போனில் கூப்பிட்டுவிட்டான். "போன்ல கூப்பிட நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்று குதித்தார். அவரும் போகவில்லை, என்னையும் விடவில்லை. "போறதுன்னா போ. திரும்பி வராத." நான் ஒருமுறை போன் செய்தேன். தம்பியும் ரோஷக்காரன். "மாமா வராத வூட்டுக்கு நீ மட்டும் எதுக்கு?" என்று வைத்துவிட்டான். அதோடு சரி.

தம்பி வீட்டில்தான் அம்மா இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

28 பிப்ரவரி 2010, ஞாயிறு

முழங்காலில் கட்டோடு வந்தார். புவனகிரிப் பக்கம் ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்களாம். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் காய் உடையும், களம் மிச்சம். மெல்லிய டயர்க்காரர்களைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? சறுக்கி விழுந்திருக்கிறார். யாரோ ஒரு அம்மா பச்சிலை கசக்கி வைத்து, துணி கிழித்துக் கட்டினார்களாம்.

கட்டைப் பிரித்தேன். வெட்டுக்காயப் பச்சிலை, மேலே மஞ்சள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கட்டுவார்கள். யார் பெற்ற மகராசியோ, நன்றாக இருக்கட்டும்.

"மலைப்பக்கம் இனிமே வேணாம். சிதம்பரம் ரோடுதான் நமக்குச் சரி, தரை மாதிரி இருக்கும்" என்றார். விழுந்தது புவனகிரியில், வேண்டாம் என்பது மலையை. என்ன கணக்கோ.

25 ஏப்ரல் 2010, ஞாயிறு

மஞ்சள் பனியனில் கறை. சோப்பு போட்டும் போகவில்லை. முந்திரிப்பழக் கறை எந்தக் காலத்திலும் போகாது. சிதம்பரம் ரோட்டில் யார் முந்திரிப்பழம் விற்கிறார்கள்?

மதியம் மீன்குழம்பு வைத்தேன். "பசிக்கல" என்றார். இப்போதெல்லாம் எல்லா ஞாயிறும் பசிக்கல.

12 அக்டோபர் 2010

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் இருசம்மாளைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாம். எனக்கு ஊர்க்காரி சொல்லித்தான் தெரிய வேண்டும்.

"அப்படி என்னாக்கா ரோஷம் ஒனக்கு? பெத்தவள வந்து பாக்கக்கூடாதா?" என்று கேட்டாள். ரோஷம் எனக்கா? பதில் சொல்வதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன். "ஒன்னும் ஆகியிருக்காது, நல்லாத்தான் இருப்பாங்க" என்று டிவி பார்த்துக்கொண்டே சொன்னார். கல்லு மனசு.

29 மே 2011, ஞாயிறு

பலாச்சுளை வாங்கி வந்தார், பை நிறைய. வழியில் விற்றார்களாம். வெண்மதி ஒரே மூச்சில் பாதியைத் தீர்த்தாள். இனிப்புதான். ஆனாலும் எங்கள் கொல்லை மரத்துச் சுளை மாதிரி வராது என்றேன். அவர் குனிந்து கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

4 செப்டம்பர் 2011, ஞாயிறு

சிதம்பரத்தில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அவர் வரவில்லை, பரங்கிப்பேட்டைக்கு சைக்கிள் கூட்டத்தோடு போக வேண்டுமாம். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் அதே கூட்டம் நிற்கிறது! இவர் மட்டும் இல்லை. லூர்துசாமி சார்தான் என்னைப் பார்த்து வந்தார்.

"என்னம்மா, அன்பரசு சார் எங்ககூட வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. அவருக்கு ஏத்த எறக்கம்தான் புடிக்குதாம். தனியா மலைப்பக்கம் போய்க்கினு இருக்காரே, சொல்லலியா?"

சொன்னார் சார் என்று சிரித்தேன். தாலி கட்டியதைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை.

5 செப்டம்பர் 2011

கேட்டேன். "சிதம்பரம் ரோட்டுல லாரி ஜாஸ்தி. அதான் மலைப்பக்கம். உங்க ஊருக்கு முன்னாடியே திரும்பிடறேன். அந்தப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றார். அப்புறம் எதற்குப் பொய்?

வேறு எவளாவது இருக்கிறாளா? இந்தக் கால்சட்டையைப் பார்த்து மயங்குகிறவளும் உலகத்தில் இருப்பாளா? — சிரிப்பு வரவில்லை.

31 டிசம்பர் 2011

நேற்று விடிகாலையில் புயல் அடித்து ஓய்ந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. மலைப்பக்கம் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை என்கிறார்கள். தம்பி வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

காலையில் யாருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், திருவந்திபுரத்தோடு திரும்பிவிட்டார். உடைந்த தகரத்தில் ஏறி இரண்டு டயரும் கிழிந்துவிட்டன. நாளைக்கு நான் போகிறேன் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "நீ போகாத. டயர் கெடச்சதும் நானே போய்ப் பாக்கறேன்."

தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றவர்! மனுஷனுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

1 ஜனவரி 2012, ஞாயிறு

வெண்மதிக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். புடவையில். அவர் வாசல் வரை வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

பாதி தூரம் மிதித்தேன், பாதி தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டினேன். ஜனங்கள் அரிவாளோடு கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள், ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். அந்த மேட்டில் நின்றால் முன்பெல்லாம் தோப்புதான் தெரியும். இன்று அதற்கடுத்த மேடு, அதற்கும் அடுத்த மேடு, எல்லாம் மொட்டையாகத் தெரிந்தன. பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

எங்கள் பழைய மனையிலேயே தம்பி கட்டிய வீட்டை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். சுவர் நிற்கிறது. கூரைத் தகரம் போயிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு, முழுசாக. என்னைப் பார்த்தாள். அப்புறம் என் பின்னால் பார்த்தாள்.

"மாப்ள வர்லியா லோகா? இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே."

எனக்குப் புரியவில்லை. கலியமூர்த்தி உள்ளேயிருந்து வந்தான். "வா அக்கா. ஒன் கோவம் தீர புயலே அடிக்கணுமா?"

"யாருக்குடா கோவம்?"

"ஒனக்குத்தான். மாமாதான் எப்பவோ சமாதானம் ஆயிட்டாரே. நம்மூரு ரோட்டுல உளுந்துல சறுக்கி வுழுந்து கெடந்தாரு, நான்தான் தூக்கியாந்தேன். அம்மாதான் கட்டு போட்டுச்சு. அன்னிக்கே தட்டுல வெத்தல பாக்கு வெச்சு, தப்புதான் மாமான்னு குடுத்துட்டேன். அதுலேர்ந்து வாரா வாரம் வந்து சாப்ட்டுட்டுதான போறாரு? ஒன்ன இட்டாரச் சொன்னா, அவ மசிய மாட்டேங்கிறா மச்சான், நான் எப்படிக் கம்பெல் பண்றதுன்றாரு. போன் பண்ணாத, இன்னும் ஜாஸ்தியாவும்னாரு."

சுவர் ஆணியில் ஒரு சைக்கிள் டியூபும் காற்றடிக்கும் பம்பும் தொங்கின. பக்கத்தில் அவருடைய நீலத் துண்டு. தொலைந்துபோனது என்று போன வருஷம் வீடு முழுக்கத் தேடினேனே, அந்தத் துண்டு.

கோவம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் தம்பி அரிவாளோடு கடலூருக்குக் கிளம்பிவிடுவான். அம்மா என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மாப்ளகிட்ட பலாச்சொள குடுத்தனுப்புனனே, தின்னியா?"

"தின்னேம்மா."

"நல்லா இருந்துச்சா?"

எங்கள் கொல்லை மரத்துச் சுளை மாதிரி வராது என்றேனே! அந்த மரத்துச் சுளைதான். அவர் குனிந்து கொட்டை பொறுக்கினாரே, பாவி. மரம் இப்போது வேரைக் காட்டிக்கொண்டு கொல்லையில் கிடக்கிறது. இனிமே அந்தச் சொளையும் கெடயாது, ஒன்னும் கெடயாது.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

2 ஜனவரி 2012

சத்தம் போட வேண்டும் என்றுதான் நேற்று வழியெல்லாம் நினைத்து வந்தேன். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"மொத வாரமே சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றது? ஒன்ன அவ்ளோ தூரம் தடுத்துட்டு, நான் மட்டும் போய் இலையில உக்காந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்வேன்?" என்றார்.

அது பாதி. மீதியையும் அவரே சொன்னார். "அங்க போனா எல்லாரும் என்னையே பாத்துக்கறாங்க லோகா. நீ வந்தா ஒங்க கதைதான் ஓடும்."

என் அம்மா கையால் என் வீட்டுச் சோறு. எனக்குத் தடை, அவருக்கு விருந்து. மரியாதை போய்விட்டது என்று என்னைப் பூட்டி வைத்த மனுஷன், மரியாதை திரும்பக் கிடைத்த பிறகும் பூட்டைத் திறக்கவில்லை. அம்மா கண்ணுக்குக் கட்டு போட்டுப் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் அழுதபோது டிவி பார்த்திருக்கிறார்.

வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

22 ஜனவரி 2012, ஞாயிறு

புது டயர் போட்டுவிட்டார். வெளியே எடுக்கவில்லை. சைக்கிள் சுவரோரம் நிற்கிறது. துணி காயப்போட வசதியாக இருக்கிறது.

11 மார்ச் 2012, ஞாயிறு

காலையில் வெண்மதியின் சைக்கிளை எடுத்தேன். டயரில் காற்று நிறைய இருந்தது. யார் அடித்து வைத்தது என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஏற்றத்தில் பாதி வரை இறங்காமல் மிதிக்கிறேன்.

வாசலில் வந்து நின்றார். "எந்த ரூட்டு?"

"சிதம்பரம் ரோடு" என்றேன். அவர் தலையாட்டினார்.

அம்மா மல்லாட்டைக் கடலை வறுத்து வைத்திருந்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். விழுந்த மரத்தை அறுத்து எடுத்த இடத்தில் தம்பி புதுப் பலாக்கன்று நட்டிருக்கிறான். காய்க்க வருஷக்கணக்காகும். மாப்பிள்ளை ஏன் வருவதில்லை என்று அம்மா கேட்டாள். அவருக்குக் கோவம்மா, நான் எப்படிக் கம்பெல் பண்றது என்றேன்.

வெயிலில் திரும்பி வந்தேன். அவர் சோறு வடித்து, ரசம் வைத்து, எதிரெதிரே இரண்டு தட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

பசிக்கல என்றேன்.