நட்சத்திரம் போடாத பதிவு

இன்று காலை பாம்பனிலிருந்து ஒரு பெண் செல்பேசியில் படம் அனுப்பியிருந்தாள். நம் நூலடைவின் ஒரு பக்கம். இந்தக் கடலின் பாசிகளைப் பற்றி யார், எப்போது, எங்கே எழுதினார்கள் என்று நீயும் நானும் வருடக்கணக்காகத் தொகுத்தோமே, அதுதான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பதிவைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன்.

பின்னாலேயே அழைப்பு வந்தது.

"சார், எங்கம்மா பாசி எடுக்கப் போறவுங்க. அந்தப் பாசிய மொதல்ல எழுதிவச்சது யாருங்கிறதுதான் என் ஆய்வு. நாளைக்கு வாய்மொழித் தேர்வு. இந்தக் கட்டுரை எந்த லைப்ரரிலயும் கெடைக்கல. பதிவுக்கு நட்சத்திரம் இல்லையே, அப்பப் பாத்துட்டுத்தான போட்டிருப்பீங்க?"

நட்சத்திரம் உன் விதி. கண்ணால் பார்க்காத கட்டுரைக்கு முன்னால் அது விழுந்தே ஆகவேண்டும். "அறிவியல் வரலாறு எழுதுறவன் கடலப் பாக்க மாட்டான்லே, நம்ம பட்டியலத்தான் பாப்பான்" என்பாய். நூலகரான நீ, வேடிக்கைக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் என்னை ஏன் கூட்டுச் சேர்த்தாய் என்று இராமநாதபுரத்தில் கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையைப் பார்த்து வரச்சொல்லி மதுரைக்கு அனுப்பினாய். நான் கடலாடி பஸ்ஸில் ஏறினேன். மச்சினன் வீட்டுக் கிடாவெட்டு. மறுநாள் வேறொரு நூலின் அடிக்குறிப்பைப் பார்த்து விவரம் எழுதிக் கொடுத்தேன்.

"ஏலே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன், பல்லிடுக்கில் கறியோடு. நீ இரண்டாம் முறை கேட்கவில்லை.

இன்றும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம். உன்னை யார் குறுக்குக் கேள்வி கேட்கப்போகிறார்கள்? பாதி சொல்லியும் விட்டேன்.

"அத அவருதாம்மா..."

"லைப்ரரி சார் போட்டதா? அப்பக் கண்டிப்பாப் பாத்திருப்பாரு. நாளைக்கு அப்படியே சொல்லிர்றேன்." அவள் குரலில் அப்படியொரு நிம்மதி.

"இல்லம்மா. நான் போட்டது. பாக்காமப் போட்டேன்."

"ரெண்டாவது அத்தியாயமே அதுமேலதான் சார் நிக்குது."

அடிக்குறிப்பு இருக்கும் நூலையும் பக்கத்தையும் தேடி எடுத்துச் சொன்னேன். "கட்டுரையப் பாக்க முடியல, இந்த அடிக்குறிப்பு மட்டுந்தான் ஆதாரம்னு அவுங்க கேக்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லிரு. தப்பு என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன்." அப்படியே எழுதி, படமெடுத்து அனுப்பினேன். படித்துவிட்டுக் கேட்டாள்:

"மிச்சத்துல எத்தன சார் இப்படி?"

"இது ஒண்ணுதாம்மா."

நீ நம்பியிருப்பாய். அவள் "ம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மதியச் சோறு ஆறிக்கிடக்கிறது. நான் எழுதிய பதிவுகளை முதலிலிருந்து எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினேழாவதில் விரல் நகர மறுக்கிறது.