காலியாக ஒரு கொக்கி

அன்புள்ள தடியனுக்கு,

போன் எண்ணையும் மாற்றிவிட்டாய். அதனால் பழைய முகவரிக்கே எழுதுகிறேன். அங்கே இருப்பவர்கள் யாராவது உன்னிடம் சேர்க்கட்டும்.

உங்கள் ராக் குழு கலைந்த பிறகு அவரவர் விற்ற எலெக்ட்ரிக் கிட்டார்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிவிட்டேன். எல்லாம் கூடத்துச் சுவரில் தொங்குகின்றன. உன் பேஸ் கிட்டார் மட்டும் இல்லை. ஏலப் பட்டியல் வரும்போதெல்லாம், அதில் அது இருந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டுதான் பிரிக்கிறேன். உயிரோடு இருக்கும்வரை அதை நீ விற்க மாட்டாய்.

போன வாரம் கிட்டார் வியாபாரி கூப்பிட்டார். "அக்கா, உங்க தம்பியோட பேஸ் வந்திருக்கு. சிகரெட் சுட்ட தழும்புகூட அப்படியே இருக்கு." போட்டது போட்டபடி கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் தழும்பு வட்டமாக இருந்தது. உன் ரசிகர்கள் கட்டிவிட்ட சிகரெட் கதையை நம்பி யாரோ சுட்டிருக்கிறார்கள். உன் மேடைச் சட்டையைத் தேய்த்துவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை நான் உன் பேஸ்மேல் வைத்தது நமக்கு மட்டும்தானே தெரியும். அந்தக் கூர்முனைத் தழும்பு எப்படி வட்டமாகும்?

"இது போலிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "விடுங்கக்கா, வேற நல்லதா பாத்துத் தரேன்" என்றார், பாவம். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிப் புரியும்?

வீட்டுக்கு வருபவர்கள் காலிக் கொக்கியைப் பார்த்து, "இங்க என்ன வரணும்?" என்கிறார்கள். வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

வந்தால் அதில் மாட்டாதே. எப்போதும்போல சோபாவில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார். நான் திட்ட வேண்டும்.

உன் அக்கா