லேட்டாக வராத கேஸ்

தைல வாசனை வந்தது. ஓட்டலின் ஏசி ஹாலில் பக்கத்து நாற்காலி டாக்டர் நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தார். சிக்கலான கர்ப்பங்களை எப்படிக் கையாள்வது என்று என்னைப் போன்ற மகப்பேறு மருத்துவர்களுக்கு நாள் முழுக்க வகுப்பு. மேடையில் யார் தெரியுமா? உன்னுடைய டாக்டர்தான். முடி நரைத்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது. தைலமும் அந்தக் குரலும் ஒன்றாக வந்ததும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எட்டாம் மாதத்தில் நீ தைலத்திலேயே குளித்துக்கொண்டிருந்தாய். பள்ளித் தோழிகளில் உனக்குத்தான் முதலில் கல்யாணமானது; நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம், லீவுக்கு வந்திருந்தேன். விவேக் நகரில் உன் வீட்டுக்குள் நுழையும்போதே மணக்கும். முகம் உப்பியிருந்தது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தன. கழற்று என்றேன். "பிரசவம் ஆவற வரைக்கும் கழட்டக் கூடாதுடி டாக்டரம்மா. எங்கம்மா என்னக் கொன்னுடும்" என்று சிரித்தாய். சிரித்தபோதும் ஒரு கை நெற்றியில்தான் இருந்தது.

ஆட்டோ பிடித்து இரண்டு தடவை இவருடைய நர்சிங் ஹோமுக்குப் போனோம். வீக்கமும் தலைவலியும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம். இரண்டு தடவையும் அவர் பார்க்கவில்லை. "வளைகாப்புல நல்லா சாப்ட்டுட்டீங்களா?" என்று உன் வீக்கத்தைக் கேலி செய்தார். பி.பி. பாருங்க சார் என்று நான் கேட்டதற்கு, "ஸ்டூடண்ட்டா? படிச்சு முடிச்சிட்டு வாம்மா" என்றார். தலை வெடிக்கிறது என்று நீ சொன்னதற்கு, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கன்னடத்தில் சொல்வதையே சொன்னார்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் பொறுத்துக்கோ. அதுதான் அவர் கொடுத்த மருந்து.

அடுத்த தடவை உன்னை வலிப்போடு தூக்கிக்கொண்டு போனோம். கையில் ஊசி போட இடமில்லாமல் வளையல்களை உடைத்தார்கள். நீயும் போனாய், வயிற்றில் இருந்ததும் போனது. வளையல் துண்டுகளைப் பொறுக்கியது நான். சேவை செய்வதற்காக இந்தப் பிரிவை எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். உனக்காகப் பழி தீர்க்கத்தான் எடுத்தேன்.

இன்று அவர் ஒரு பழைய கேஸைச் சொன்னார். முதல் பிரசவம், எட்டாம் மாதம், வலிப்பு. கை நிறைய வளையல், உடைத்துத்தான் ஊசி போட முடிந்தது, மூடநம்பிக்கையைப் பாருங்கள் என்றார். ஹாலில் சிரித்தார்கள். பிறகு, என்ன செய்வது, பேஷண்ட் லேட்டாக வந்துவிட்டார் என்றார். லேட்டாக. இத்தனை வருஷமாக உன்னை இப்படித்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறாரா இந்த மனுஷன்?

பஸ்ஸில் வேண்டுமென்றே இடித்த ஆளை நீ ஒருநாள் உண்டு இல்லை என்று ஆக்கினாய். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கும் திட்டு விழுந்தது. "அங்கயே கேட்டுடணும்டி. வீட்டுக்கு வந்து வயிறெரிஞ்சா யாருக்கு என்னா புண்ணியம்?" நான் எழுந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"சார், அந்தப் பேஷண்ட் லேட்டா வரல. அதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி உங்ககிட்ட வந்தாங்க. தலைவலி, வீக்கம்னு சொன்னாங்க. நீங்க பி.பி. பாக்கல. கூட வந்த ஸ்டூடண்ட் நான்தான். படிச்சு முடிச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த படத்தைப் போடச் சொன்னார், போட்ட படத்தைப் பார்க்காமலே நின்றார். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"அத்தன பேர் முன்னாடி கேக்கணுமா மேடம்? தல வெடிக்குது எனக்கு."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, சார்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்துக்கொண்டே தட்டிலிருந்த பிஸிபேளேபாத்தை வழித்துச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. மனசு ஆறிவிட்டதா என்று கேட்காதே. ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். என் கிளினிக்குக்கு எந்தப் பிள்ளைத்தாச்சி வந்தாலும் முதலில் அவள் வளையலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன், தலை வலிக்கிறதா என்று கேட்கிறேன். அது உனக்காக. அவருக்காக வைத்திருப்பது வேறு. அடுத்த மாதம் மைசூரில் இதே தலைப்பில் பேசுகிறாராம். பெயர் கொடுத்துவிட்டேன். முதல் வரிசையில் உட்காருவேன். லேட்டாகப் போக மாட்டேன்.