வடிவேலு கொண்டுவந்த பழம்

12-2-61, ஞாயிறு
நல்ல வெயில். சைக்கிளுக்கு டியூப் வாங்க மறந்தாயிற்று. காலையில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லாரியில் வடிவேலு. என் மனைவி கமலத்தின் மாமன் மகன். அவளை அவருக்குத்தான் கொடுப்பதாக இருந்ததாம். மூன்று தார் வாழைப்பழம், எல்லாம் ஒரேயடியாய்ப் பழுத்தது. "கடைக்காரன் வேணாம்னுட்டான் லா. வீணாப் போகுது, புள்ள."
கமலம் அவரைக் கூப்பிடும்போது "அத்தான்". என்னை "என்னங்க". என்னை அவர் "தம்பி" என்கிறார். ஒரு வயதுதான் மூத்தவர்.

13, திங்கள்
கடையில் ஆணிப்பெட்டி கணக்கெடுப்பு. கை முழுக்கத் துரு. வீட்டில் கமலம் தோலுரித்து, நீளவாக்கில் பிளந்து, மொட்டைமாடியில் பாய் விரித்துப் பரப்பியிருக்கிறாள். ஈ மொய்க்காமலிருக்க மேலே பழைய கொசுவலை. ஒவ்வொன்றாய்த் திருப்பிவிடுகிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு. என் சட்டைப் பொத்தான் இன்னும் தைக்கவில்லை.
"அவ்வளவு அக்கறையா?" என்றேன்.
"பழம் கெட்டுப்போகும்ல?"

15, புதன்
காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. கமலம் மார்க்கெட்டுக்குப் போனபின் திடீரென்று இருட்டு. நனையட்டும், அவன் பழம்தானே என்று படுத்திருந்தேன். முதல் தூறல் மாடிப்படிக் கூரைத் தகரத்தில் விழுந்ததும் படுத்திருக்க முடியவில்லை. பாயோடு சுருட்டி உள்ளே இழுத்தேன். படியில் வழுக்கி முழங்கால் தேய்ந்தது.
நனைந்து ஓடிவந்தவள் முதலில் தொட்டுப்பார்த்தது பழத்தை. "நல்ல வேளைங்க!" பிறகுதான் முழங்கால். மஞ்சள் வைத்தாள். எரிச்சல். மஞ்சளால் மட்டுமில்லை.

17, வெள்ளி
காய்ச்சல் விட்டது. வெயிலும் திரும்பிவிட்டது. பழம் சுருங்கி, தேன் நிறம். பிஸ்கட் டின்னில் அடுக்குகிறாள். அவள் குளிக்கப் போனதும் ஒன்றைத் தின்றேன். பல்லில் ஒட்டுகிறது. நன்றாக இல்லை என்று எழுத ஆசை. நன்றாகத்தான் இருக்கிறது.

19, ஞாயிறு
வடிவேலு வந்தார். கமலம் தட்டில் வைத்தாள். ஒரு துண்டு வாயில் போட்டவர் மெல்வதை நிறுத்திவிட்டார்.
"அத்தை கைப்பக்குவம் அப்படியே இருக்கு புள்ள."
கமலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். நான் பார்த்ததில்லை. கோழிக்கொட்டகைக் கூரைமேல் பழம் காயவைப்பாராம், குரங்கு வந்தால் உலக்கையோடு ஓடுவாராம். இருவரும் மாறிமாறிச் சொல்லிச் சிரித்தார்கள். நடுவில் நான், தட்டைப் பார்த்தபடி. எழுந்து போய்விடலாம் போலிருந்தது.
போகவில்லை. "அவங்க பாக்க எப்படி இருப்பாங்க, அண்ணே?" என்று கேட்டேன்.
"இதோ, இவளேதான்," என்றார். "கோவம் மட்டும் கொஞ்சம் கூட."
லாரி போன சத்தம் அடங்கியபின் கமலம் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "அம்மாவப் பத்தி என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்லையே நீங்க," என்றாள்.