போதும் என்று சொல்லும் செல்

அக்டோபர் 14, செவ்வாய்

என் வீட்டுக்காரர் தள்ளாடி நடப்பதற்குச் சிறுமூளைதான் காரணமாம். ராமநாதபுரம் டாக்டர் அதிலுள்ள பெரிய நரம்புச் செல்லின் படத்தைக் காட்டினார். ஒற்றைத் தண்டு, அதிலிருந்து தட்டையாக விரிந்த எண்ண முடியாத கிளைகள்.

“இந்தா மேரி, நம்ம கடல் விசிறில்ல இது!” என்றார் இவர். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் வலையில் சிக்கிய கடல் விசிறியை, விசிறிபோல் விரிந்த பவளத்தை, எனக்கென்று கொண்டுவந்தார். வள்ளத்தின் விளிம்பில் நின்று, ஒரு கையால் அதைத் தூக்கிக் காட்டியபடியே கரைக்கு வந்தார். அலை வள்ளத்தை ஆட்டியது, இவர் ஆடவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் அது இன்னும் இருக்கிறது.

இன்று டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுமாறினார். “என்ன மச்சான், பகல்லயேவா?” என்றான் பக்கத்து வீட்டு அந்தோணி. இவர் சொட்டுக்கூடக் குடிக்காதவர்.

கையோ காலோ போய்ச் சேர வேண்டிய இடம் வந்ததும் ‘போதும்’ என்று அடக்குவதுதான் அந்தச் செல்களின் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவை வாடிவருவதால் கை நிற்காமல் தாண்டிப் போகிறது.

“கடலுக்கு எப்பப் போகலாம் சார்?” என்று இவர் அவரிடம் கேட்டார்.

“மொதல்ல கரையில விழாம நடங்கய்யா.”

இரவு ஜெபத்தில் சிலுவை போட்டபோது இவர் விரல் நெற்றியைத் தாண்டிக் காதுக்குப் போனது. “நெத்தி எங்கனடி போச்சு?” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி வந்ததும் “போதும்” என்றேன். நெஞ்சுக்கும் சொன்னேன், இரண்டு தோளுக்கும் சொன்னேன். ஆமென் மட்டும் அவரே சொன்னார்.