பெயர் எழுதாத பக்கம்

பதுளை,
12.10.1997

அன்புள்ள தம்பி சின்னராசாவுக்கு,

இங்கே நானும் என் மூட்டுவலியும் சுகமாக இருக்கிறோம். நீரும் நிரஞ்சலாவும் சுகமாக இருக்க வேண்டும், மூட்டுவலி மட்டும் வேண்டாம்.

ஒரு செய்தி சொல்லப் போகிறேன், சிரிக்கக் கூடாது. நாற்பத்தாறு வயதில் வகுப்புக்குப் போகிறேன். செவ்வாயும் வியாழனும் பதிவுக் கந்தோர் வேலை முடிந்த கையோடு, புத்தகக் கடையின் மேல்மாடியில் நஸீர் மாஸ்டரின் சித்திர வகுப்பு. மூன்று மாதம் பூச்சாடியும் வாழைப்பழமும் கீறினேன். இனி மனிதர்கள்தான் என்கிறார் மாஸ்டர். வாழைப்பழம் நல்ல சாதி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்காது. எங்கள் கந்தோர் பியோனைக் கீறிக் காட்டினேன். அவர் வடிவாகப் பார்த்துவிட்டு, இது யார், உங்கள் மாமனாரா என்று கேட்டார்.

பதினெட்டு வருஷமாகப் பிறப்பும் இறப்பும் பதிகிறேன். நாளுக்கு நாற்பது பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். பெயரைக் கேட்பேன், ஊரைக் கேட்பேன், முகத்தைப் பார்த்ததே இல்லை. அது இப்போதுதான் உறைக்கிறது. நிரஞ்சலாவின் தம்பி புவனேந்திரனின் பிறப்பைக் காலங்கடந்து பதிய வந்தபோது, உம்மைக்கூட ஆறு தரம் அலையவிட்ட பிறகுதானே நிமிர்ந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரட்டுமா? அசையாமல் இருக்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் எழுதும்.

உமது,
சிவசுப்பிரமணியம்

தோட்டப் பாடசாலை,
நமுனுகுல,
26.10.1997

அன்புள்ள சிவம் அண்ணனுக்கு,

நான் சிரிக்கவில்லை. சிரித்தது நிரஞ்சலாதான். இனிமேல் பிறப்புச் சான்றிதழில் படமும் போட்டுத் தருவீங்களா என்று கேட்கச் சொன்னாள்.

அத்தை இராக்கம்மாவைக் கேட்டுப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் லயத்து வீடுகளில் சுவரில் படமாகத் தொங்குவது சாமியும் செத்தவர்களும்தான். "உசுரோட இருக்கறவங்கள படமாக்கி மாட்டுனா ஆகுமா தம்பி?" என்கிறார். அவர் மகன் புவனேந்திரனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பசறையில் அஸீஸ் நானாவின் தையல் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பழகியவன், அசையவே மாட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படம் நன்றாக வந்தால் பெண் வீட்டுக்கு அனுப்பலாம். மாமனார் மாதிரி வந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் வந்து நிற்கும் இடத்தில் காத்திருப்பேன். குடை கொண்டு வாங்க, இங்கே மழை விட்டபாடில்லை.

அன்புடன்,
சின்னராசா

பதுளை,
18.01.1998

அன்புள்ள தம்பிக்கு,

நிரஞ்சலா கட்டித் தந்த ரொட்டியும் கட்டச் சம்பலும் பசறை தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. மூன்று ஞாயிறு உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என் சொந்தத் தம்பி வீட்டில்கூட இப்படி இருந்ததில்லை.

புவனேந்திரனைக் கீறக் கீற எனக்கு ஆச்சரியம். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் அந்தத் தழும்பு, சிரிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் அசையும் உதடு. கன்னத்துக்கு நான் மண்ணிறத்தை அப்பி வைத்திருந்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, மனிசன்ட முகத்தில் பச்சையும் இருக்கு, சிவப்பும் இருக்கு, பொறுமையாகப் பாருங்கோ என்றார். பார்த்தேன். இருக்கிறது.

சித்திரக் கொப்பியில் இப்போது பதினொரு முகம். சந்தையில் கீரை விற்கும் மாரியாயி, பியோன், பஸ் தரிப்பில் தெரிந்தவர்கள் என்று பத்துப் பேர். பதினோராவது புவனேந்திரன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், ஊர், தேதி, நேரம் எல்லாம் எழுதி வைக்கிறேன். மரணப் பதிவா செய்கிறீர் என்று மாஸ்டர் கேலி செய்கிறார். கந்தோர்ப் புத்தி லேசில் போகுமா? புவனேந்திரன் படத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. வாய்ப் பக்கம் இன்னும் முடியவில்லை. முடியாத வேலையைப் பதியக் கூடாது என்பது என் கொள்கை. பெப்ரவரியில் வந்து முடித்துத் தருகிறேன், பெண் வீட்டாரைக் காத்திருக்கச் சொல்லும்.

உமது,
சிவம்

நமுனுகுல,
22.02.1998

அன்புள்ள சிவம் அண்ணனுக்கு,

நீங்கள் சுகமா என்றுகூட விசாரிக்கத் தோன்றாமல் எழுதுகிறேன், மன்னிக்கணும். போன சனிக்கிழமை கடையில் வைத்துப் பொலிஸ்காரர்கள் புவனேந்திரனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கையில் ஏதோ தாள் வைத்திருந்தார்களாம். அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் எழுந்து நின்றான் என்று அஸீஸ் நானா சொல்கிறார். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து எல்லா இடமும் இப்படித்தான் என்கிறார்கள். ஆனால் இவன் எதற்கு?

அத்தை கொழுந்து பறிக்கப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அரசாங்க உத்தியோகத்தர், பெரிய ஆட்களைத் தெரிந்தவர். எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் வருவதாகச் சொன்ன ஞாயிறும் வரவில்லை, அதுவும் மனதுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

சின்னராசா

பதுளை,
01.03.1998

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் பதில் எழுத முடியாமல் இருந்தேன்.

பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி வகுப்பு முடிந்து வரும் வழியில் பொலிஸ்காரர்கள் என்னை மறித்தார்கள். பையில் கொப்பி இருந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கொப்பியில் முகங்கள், பெயர்கள், நேரங்கள். புலிகளுக்கு வேவு பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் சித்திரம் பழகுகிறவன் என்று நிரூபிக்க வாழைப்பழம்கூட அந்தக் கொப்பியில் இல்லை. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, எங்கள் மேலதிகாரி வந்து கையெழுத்து வைத்த பிறகு விட்டார்கள். கொப்பி அவர்களிடம்தான்.

மாரியாயியையும் மற்றவர்களையும் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எல்லாப் படத்துக்கும் கீழே பெயர் எழுதி வைத்தது என் மடத்தனம். அதற்காக எவ்வளவு வருந்துகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சட்டத்தரணியைப் பார்த்திருக்கிறேன். இராக்கம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லும்.

சிவம்

நமுனுகுல,
19.04.1998

சிவம் அண்ணனுக்கு,

உங்கள் சட்டத்தரணி கண்டுபிடித்துத் தந்தார். நேற்று தடுப்பு முகாமுக்குப் போய் அவனைப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். அத்தை கொண்டுபோன சோற்றை உள்ளே விடவில்லை. பத்து நிமிடத்தில் அவன் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டான். "எங்க அப்பா பேரு, லயத்து நம்பரு எல்லாம் அவங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்துக்கும் கீழே பெயர் இருந்தது என்று மார்ச்சில் எழுதியிருக்கிறீர்கள். இவன் படத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று ஜனவரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையெழுத்துதான்.

நிரஞ்சலாவிடம் காட்டவில்லை. நான் கோபத்தில் எழுதவில்லை அண்ணன். எனக்குத் தெரிய வேண்டும்.

சின்னராசா

பதுளை,
03.05.1998

தம்பி சின்னராசாவுக்கு,

நான்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை ஓர் அதிகாரி கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பத்துப் படத்துக்குப் பெயர் இருந்தது, பதினோராவதுக்கு இல்லை. ஒளிக்கப் பார்க்கும் ஆள் இவன்தான் என்றார். படம் முடியவில்லை, அதுதான் எழுதவில்லை என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. அப்படியென்றால் யார் என்று கேட்டார். என்னை அடிக்கவில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள். அடித்திருந்தால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும்.

முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, தோட்டம், லயத்து இலக்கம், பசறையில் கடை எது என்பது வரை ஒப்பித்தேன். ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை, அவன் சான்றிதழை எழுதிய கை என்னுடையது. எல்லாம் ஒழுங்காகப் பதிந்த பிள்ளை, விபரம் சரியாகச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். என் சீவியம் முழுக்க அதைத்தான் நம்பியிருக்கிறேன், பதிவு சரியென்றால் மனிதனுக்கு ஒரு குறையும் வராது என்று. அது பாதி. மற்றப் பாதி பயம். பஸ் தரிப்பில் கண்ட யாரோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பிறகு உமக்குப் பொய்யும் எழுதினேன்.

நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்கிறேன். அவனை உட்காரவைத்ததும் நான், கீறியதும் நான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் போவதில்லை. மன்னிப்பு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சிவசுப்பிரமணியம்

நமுனுகுல,
13.12.1998

சிவம் அண்ணனுக்கு,

ஏழு மாதமாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய நான்கு கடிதமும் வந்தன, படித்தேன்.

நவம்பர் கடைசியில் புவனேந்திரனை விட்டுவிட்டார்கள். உங்கள் சாட்சியால்தான் கேஸ் நிற்காமல் போனது என்று சட்டத்தரணி சொன்னார். கூண்டில் நின்று அதைச் சொல்வது உங்களுக்கு லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன்.

அவன் கடைக்குப் போவதில்லை. ஊசியில் நூல் கோக்க வரவில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுகிறான், அவன் அக்காள் கூப்பிட்டாலும்கூட. பெண் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

நீதிமன்றத்திலிருந்து உங்கள் கொப்பியையும் சட்டத்தரணி வாங்கித் தந்தார். அவன் பக்கத்தை மட்டும் அத்தை எடுத்துக்கொண்டார். கொப்பியை இதோடு அனுப்பியிருக்கிறேன். படம் நன்றாக இருக்கிறது அண்ணன். வாய் முடியாவிட்டாலும் அது அவன்தான். அதை இத்தனை கவனமாகப் பார்த்து வரைந்தவரும் நீங்கள்தானே.

அத்தை அதைச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, விளக்கும் வைக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. உயிரோடு வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு இதென்ன வேலை என்று கோபித்தேன். அவர் படத்தைக் காட்டி, "இந்தப் புள்ள இன்னும் வீட்டுக்கு வரலியேப்பா" என்றார்.

நிரஞ்சலாவுக்கு மாசி மாதம் பிரசவம். நீங்கள் கேட்டால் சந்தோசப்படுவீர்கள் என்பதால் சொல்கிறேன். சந்தோசப்படுவீர்கள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். பிறப்பைப் பதிய நான் பதுளைக்கு வர வேண்டியிருக்கும். வரிசையில் என்னைக் கண்டால் கூப்பிட வேண்டாம். எங்கள் பிள்ளையின் பெயரை அன்றைக்கு வேறு யாராவது எழுதட்டும்.

இங்கே மழை இன்னும் விடவில்லை. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சின்னராசா